மருத்துவமனையின் நோயாளிப் பதிவு மென்பொருளைக் கிளவுடுக்கு மாற்றுகிறோம். எந்த நிறுவனத்தை எடுப்பது? எவ்வளவு நேரம் நிறுத்த வேண்டியிருக்கும்?

இந்த வேலையை இரண்டு மருத்துவமனைகளில் செய்த குழுக்களில் இருந்திருக்கிறேன். முதல் இடத்தில் பட்ட பாட்டினால்தான் இரண்டாவது இடத்தில் ஒழுங்காகச் செய்ய முடிந்தது. நீங்கள் கேட்ட இரண்டுக்கும் சுருக்கமாகப் பதில் சொல்லிவிட்டு, கேட்காத ஒன்றைப் பற்றி விரிவாக எழுதுகிறேன்.

எந்த நிறுவனம் என்பதற்கு அதிகம் மெனக்கெட வேண்டாம். பெரிய கிளவுட் நிறுவனங்களில் எதுவும் இந்த வேலையைத் தாங்கும். நோயாளி விவரங்கள் எந்த எல்லைக்குள் இருக்க வேண்டும் என்று உங்கள் நாட்டுச் சட்டம் சொல்கிறதோ அதற்குள் அவர்களுக்கு டேட்டா சென்டர் இருக்கிறதா, அந்த விவரங்களைக் காப்பதற்கு எழுத்தில் ஒப்பந்தம் போடுவார்களா என்று பாருங்கள். இரண்டும் இருந்தால் சரி.

நிறுத்தும் நேரம்? இரண்டாவது இடத்தில் நடு இரவில் நான்கு மணி நேரம் ஆனது. முதல் இடத்திலும் நான்கு மணி நேரம்தான். ஆனால் அங்கே அந்த இரவின் தவறுகளைச் சரிசெய்ய மேலும் ஐந்து மாதம் ஆனது. அந்த ஐந்து மாதமும் போனது சர்வருக்காக இல்லை, நோயாளி எண்ணுக்காக.

பதிவு கவுன்டரில்தான் ஒருவருக்கு நோயாளி எண் பிறக்கிறது. லேப், எக்ஸ்ரே, மருந்தகம், பில்லிங் எல்லாம் அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டுதான் அவரை அடையாளம் காண்கின்றன. மருத்துவ மென்பொருள்கள் ஒன்றோடொன்று பேசிக்கொள்ள, 1987இல் தொடங்கிய ஹெச்எல்7 அமைப்பின் செய்தி முறையை உங்கள் மென்பொருளும் பயன்படுத்துகிறது என்று நினைக்கிறேன். புதிய வெளிநோயாளி பதிவானால் ஏ04, விவரம் திருத்தினால் ஏ08, ஒரே ஆளின் இரண்டு பதிவுகளை ஒன்றாக்கினால் ஏ40 என்று அது மற்ற எல்லாத் துறைகளுக்கும் சொல்லிக்கொண்டே இருக்கும். ஆக, நீங்கள் இடம் மாற்றுவது ஒரு மென்பொருளை மட்டும் அல்ல. "இவர் யார்" என்று மற்றவை எல்லாம் கேட்டுத் தெரிந்துகொள்ளும் இடத்தையே மாற்றுகிறீர்கள்.

முதல் இடத்தில் என்ன நடந்தது என்று சொல்கிறேன். பல வருடம் ஓடிய எந்த மருத்துவமனையிலும் ஒரே ஆளுக்கு இரண்டு மூன்று எண்கள் இருக்கும். கார்டைத் தொலைத்திருப்பார், பெயரை ஒவ்வொரு முறையும் ஒவ்வொரு விதமாக எழுதியிருப்பார்கள், நினைவில்லாமல் அவசரப் பிரிவுக்கு வந்திருப்பார். பிறகு யாராவது கவனித்து ஒன்றாக்குவார்கள். ஓர் எண் உயிரோடு இருக்கும். மற்றவை "இனி அங்கே பார்" என்று கைகாட்டிக்கொண்டு பின்னால் நிற்கும். எங்களுக்கு இடமாற்ற ஸ்கிரிப்ட் எழுதிய குழு உயிரோடு இருக்கும் பதிவுகளை மட்டும் எடுத்தது. மற்றவை வேண்டாத குப்பை என்று நினைத்துவிட்டார்கள். பரிசோதனையில் எண்ணிக்கை சரியாக இருந்ததால் நாங்களும் கையெழுத்துப் போட்டுவிட்டோம்.

இரண்டாவது வாரம் ஒரு பெண்மணி பல வருடப் பழைய கார்டோடு வந்தார். எண்ணைத் தட்டினால் "இப்படி ஒரு நோயாளி இல்லை" என்று வந்தது. பின்னால் பெரிய வரிசை. கவுன்டரில் இருந்தவர் புதிதாகப் பதிவு செய்தார். அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். புதிய பதிவில் ஒன்றுமே இல்லை. உயிரோடு இருந்த பதிவில் பெனிசிலின் ஒவ்வாமை என்று இருந்தது. ஊசி போடப் போன செவிலியர் ஒரு வார்த்தை கேட்டார், அந்த அம்மாவும் சொல்லிவிட்டார். நாங்கள் கட்டிய எந்தப் பாதுகாப்பும் அன்றைக்கு வேலை செய்யவில்லை. அந்தச் செவிலியர் கேட்டதுதான் காப்பாற்றியது. அந்த நாளுக்கு அப்புறம் இந்த வேலையை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது.

அதனால் செத்துப்போன எண்களையும், எது எதோடு சேர்ந்தது என்ற வரலாற்றையும் முழுதாகக் கொண்டுபோங்கள். சோதிப்பது எளிது. பழைய ஒன்றாக்கல்களில் சிலவற்றை எடுத்து, செத்த எண்ணைப் புதிய திரையில் தட்டுங்கள். சரியான ஆளின் பதிவு திறக்க வேண்டும். ஏ-யை பி-யோடும், பிறகு பி-யை சி-யோடும் சேர்த்த சங்கிலிகளையும் கட்டாயம் பாருங்கள். தப்பு அங்கேதான் ஒளிந்திருக்கும்.

சரி, மாற்றுவதற்கு முன்பே இரட்டைப் பதிவுகளைத் துடைத்துவிடலாமா? துடைக்கலாம், துடைக்கவும் வேண்டும். ஆனால் மென்பொருளே தானாக ஒன்றாக்க விடாதீர்கள். பொருத்தம் பார்க்கும் கருவிகளில் பல, ஃபெல்லெகி, சன்டர் என்ற இருவர் 1969இல் வெளியிட்ட நிகழ்தகவு முறையை ஒட்டியவை. பாலினம் ஒத்துப்போனால் கொஞ்சம் மதிப்பெண், பிறந்த தேதி ஒத்துப்போனால் நிறைய மதிப்பெண் என்று கூட்டிப் பார்க்கும். நல்ல முறைதான். ஆனால் இரட்டைக் குழந்தைகளுக்குப் பிறந்த தேதி, முகவரி, தொலைபேசி எல்லாம் ஒன்று. பெயர் வைக்காத குழந்தைகள் என்றால் அம்மா பெயரில்தான் பதிவே இருக்கும். பிறந்த தேதி தெரியாதவர்களுக்கெல்லாம் ஜனவரி 1 என்று போட்டிருப்பார்கள்; அவர்கள் அத்தனை பேரும் ஒருவருக்கொருவர் ஒத்துப்போவார்கள். ஒருவருக்கு இரண்டு பதிவு இருப்பது தொல்லை. இரண்டு பேருக்கு ஒரே பதிவு ஆவது ஆபத்து: ஒருவரின் ரத்த வகை இன்னொருவரின் பக்கத்தில் நிற்கும், பிரித்தெடுப்பதும் மிகக் கடினம். கருவி பட்டியல் கொடுக்கட்டும், மருத்துவப் பதிவேட்டுப் பிரிவினர் பார்த்து முடிவு செய்யட்டும்.

பெயரும் பிறந்த தேதியும் வழியில் சிதையும் இரண்டு இடங்கள் உண்டு. பழைய டேட்டாபேஸில் பெயருக்கான நீளத்தை எழுத்துக்கணக்கில் வைத்திருக்கிறார்களா, பைட் கணக்கிலா என்று பாருங்கள். எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யுடிஎஃப்-8 முறையில் தமிழ் யூனிகோட் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட்; புள்ளியும் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடு. "கிருஷ்ணமூர்த்தி" என்பது கண்ணுக்கு 8 எழுத்து, கணினிக்கு 15 குறியீடு, 45 பைட். புதிய பக்கத்தில் 40 பைட் இடம் விட்டிருந்தால், ஒன்று பதிவே ஏறாது, அல்லது வால் அறுந்து ஏறும். அறுந்து ஏறினால் யாருக்கும் தெரியக்கூடத் தெரியாது.

பிறந்த தேதியை வெறும் தேதியாக வைக்காமல் நேரத்தோடு சேர்த்து வைத்திருந்தால் இன்னொரு சிக்கல். கிளவுட் சர்வர்கள் வழக்கமாக யுடிசி என்ற உலகப் பொது நேரத்தில் ஓடும். நம் நேரம் யுடிசி-க்கு முந்தி ஓடினால், நள்ளிரவு 12 மணி என்று வைத்தது முந்தைய நாள் மாலையாக மாறிவிடும். எல்லோரும் ஒரு நாள் முன்னால் பிறந்தவர்கள் ஆகிவிடுவார்கள். பெரியவர்களுக்கு அடையாள அட்டையோடு ஒத்துப்போகாது, அவ்வளவுதான் என்று தோன்றலாம். பிறந்து சில நாளே ஆன குழந்தைக்கு மஞ்சள் காமாலையின் பிலிருபின் அளவை வயதின் மணிக்கணக்கோடு வைத்துத்தான் மதிப்பிடுகிறார்கள். அங்கே ஒரு நாள் என்பது பெரிய பிழை.

கவுன்டரில் வேகம் குறைவது அடுத்தது. பழைய மென்பொருள் ஒரு திரையைத் திறக்க டேட்டாபேஸிடம் 200 முறை கேள்வி கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கட்டடத்துக்குள் ஒரு முறை போய்வர அரை மில்லிசெகண்ட் என்றால் மொத்தம் 0.1 விநாடி. டேட்டாபேஸை மட்டும் கிளவுடில் வைத்துவிட்டு மென்பொருளைக் கவுன்டர் கணினியிலேயே விட்டால், போய்வர 40 மில்லிசெகண்ட் என்றாலும் 8 விநாடி. காலை நேர வரிசையில் அது பெரிய தண்டனை. எனவே இரண்டையும் சேர்த்தே நகர்த்துங்கள், பிரிக்காதீர்கள். பிரிண்டரை மறக்க வேண்டாம். கைப்பட்டைக்கும் பார்கோடு லேபிளுக்கும் உள்ள பிரிண்டர்கள் மருத்துவமனையின் உள் நெட்வொர்க்கில் இருக்கின்றன; கிளவுட் சர்வரின் கண்ணுக்கு அவை தெரியாது. இடையில் ஒரு சிறிய அச்சு நிரல் கட்டடத்துக்குள்ளேயே ஓட வேண்டும்.

இனி, இணைய லைன் போகும் நாள். ஒரு சேவைக்குக் கிளவுட் நிறுவனம் தருவது 99.9 சதவீத உறுதி என்றால் வருடத்துக்கு ஏறக்குறைய 8 மணி 45 நிமிடம் நின்றாலும் அவர்கள் வாக்குத் தவறவில்லை என்று அர்த்தம். உங்கள் இணைய இணைப்பு அறுந்தால் அது இந்தக் கணக்கிலேயே வராது. இரண்டு நிறுவனங்களிடம் இணைப்பு வாங்குங்கள். இரண்டு கேபிளும் ஒரே குழாய் வழியாகக் கட்டடத்துக்குள் வருகிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். ஒரே குழாய் என்றால் ஒரு கடப்பாரை போதும். அப்புறம், ஒவ்வொரு கவுன்டருக்கும் ஒரு தொகுதி நோயாளி எண்களை முன்கூட்டியே ஒதுக்கி, அந்த எண்களோடு படிவமும் கைப்பட்டையும் அச்சடித்துப் பூட்டி வையுங்கள். அந்த எண்களை மென்பொருள் வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது. லைன் போனதும் பேனாவை எடுத்து வேலையைத் தொடரலாம். வந்ததும் அதே எண்ணில் ஏற்றலாம். நோயாளிகளின் அடிப்படை விவரப் பட்டியலின் ஒரு பிரதியை, பார்க்க மட்டும் முடிகிற மாதிரி, உள்ளூர்க் கணினியில் தானாகப் புதுப்பிக்கும்படி வைத்தால் பழைய நோயாளிகளுக்குப் புது எண் கொடுக்கும் நிலை வராது.

பாதுகாப்பு பற்றி ஒன்று மட்டும் சொல்கிறேன். பேக்கப்பை, வேறு கிளவுட் கணக்கில், வேறு ஆட்களின் அனுமதியோடு மட்டும் அழிக்க முடிகிற மாதிரி வையுங்கள். 2017 மே மாதம், கோப்புகளைப் பூட்டிப் பணம் கேட்கும் வான்னாக்ரை என்ற தீய நிரல் பிரிட்டனின் பொது மருத்துவச் சேவையை முடக்கியபோது பல மருத்துவமனைகள் காகிதத்துக்குத் திரும்ப வேண்டி வந்தது. கிளவுடுக்குப் போய்விட்டதாலேயே அந்த ஆபத்து போய்விடாது. அனுமதிகளையும் கடவுச்சொற்களையும் பார்த்துக்கொள்வது இன்னும் நம் பொறுப்புதான்.

மாற்றும் இரவுக்கு முன் முழு ஒத்திகை குறைந்தது இரண்டு முறை பாருங்கள், கவுன்டர் ஊழியர்களை வைத்து. எந்தப் பதிவு விசித்திரமானது, எந்தக் கட்டத்தில் எதை எழுதி வைக்கும் பழக்கம் இருக்கிறது என்பதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது இடத்தில், காலியாக இருந்த "தந்தை வழி முகவரி" கட்டத்தில் அவசரத் தொடர்பு எண்ணை எழுதி வந்ததை ஒத்திகையில் ஓர் ஊழியர்தான் சொன்னார். நாங்கள் அந்தக் கட்டத்தையே தூக்கி எறிய இருந்தோம்.

பழைய சர்வருக்கே திரும்பிப் போவதா வேண்டாமா என்ற முடிவை, புதிய சர்வர் முதல் நோயாளி எண்ணைக் கொடுப்பதற்கு முன்பே எடுத்துவிடுங்கள். கொடுத்துவிட்டால் அந்த எண் லேபுக்கும் மருந்தகத்துக்கும் போய்விடும், பழைய சர்வருக்கு அதைத் தெரியாது. அதுவரை ஹெச்எல்7 செய்திகளை வரிசையில் நிறுத்தி வைத்து, சரிபார்த்த பிறகு திறந்துவிடுங்கள்.

பழைய சர்வரைப் பார்க்க மட்டும் முடிகிற நிலையில் ஒரு வருடமாவது வைத்திருங்கள். எங்களுக்கு எட்டாவது மாதத்தில்கூடத் தேவைப்பட்டது. ஒரே ஆளுடையவை என்று நினைத்து இரண்டு பதிவுகளை ஒன்றாக்கியது தவறு, அவை இரண்டு பேருடையவை என்று தெரிய வந்தது. ஒன்றாக்கியதற்கு முன் எந்த லேப் முடிவு யாருடையதாக இருந்தது என்பதை அந்தப் பழைய திரையில்தான் பார்த்துப் பிரித்தோம்.