பக்கத்துக் காணி மரங்கள் மிளகாய்ப் பாத்திக்கு நிழல் போடுவது பற்றி

வணக்கம். கிளிநொச்சியில் பக்கத்து வளவுக்காரர் கனடாவில் இருக்கிறார், வேலியோரத்து வேம்பும் பூவரசும் உங்கள் மிளகாய்ப் பாத்தியை மூடிவிட்டன, ஆள் வைத்துத் தறிக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். தயவு செய்து சொல்லாமல் கை வைக்காதீர்கள். 1707இல் ஒல்லாந்தர் காலத்தில் தொகுத்த, வடபகுதித் தமிழரின் வழக்குச் சட்டமான தேசவழமையிலேயே, கொப்பு உங்கள் பக்கம் சாய்ந்தாலும் மரத்துக்காரருக்குத் தெரியாமல் வெட்டக்கூடாது என்றுதான் இருக்கிறது.

முதலில் வட்சப்பில் படங்களை அனுப்பி, எந்தக் கொப்பு, எவ்வளவு என்று குறித்துக் கேளுங்கள். அவருடைய சம்மதம் எழுத்தில் இருக்கட்டும். காணியைப் பார்க்கும் உறவினர் இருந்தால் வெட்டும் நாளில் அவரும் நிற்கட்டும். விறகு அவர்களுக்கே என்று நீங்களாகவே சொல்லிவிடுங்கள். எங்கள் வேலியில் பாதிச் சண்டை விறகால்தான் வந்தது.

அப்புறம், எல்லை சரிதானா? போரில் இடம்பெயர்ந்து திரும்பியவர்களின் பல காணிகளில் பழைய வேலிக் கதியால்களே இல்லை, பற்றைதான் நின்றது. சந்தேகம் என்றால் காணி உறுதியையும் வரைபடத்தையும் எடுத்து நில அளவையாளரைக் கூப்பிடுங்கள்.

வேலியில் பலாவோ பெண் பனையோ நின்றால் அடியோடு தறிக்க அனுமதி வேண்டும். பிரதேச செயலகத்தில் கேளுங்கள்.

பதிலே வராவிட்டால் கிராம அலுவலரிடம் சொல்லுங்கள், பிறகு மத்தியஸ்த சபை. வழக்கு வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் கொப்புகளை இறக்கிவிடுங்கள். கார்த்திகைக் காற்றில் அவை உங்கள் கூரையில்தான் விழும்.