துருப்பிடித்த காருக்குக் கடன் வாங்கலாமா?

கேள்வி: தூத்துக்குடியில் கடலோரமாகக் குடியிருக்கிறோம். எங்களுடைய 1,200 சிசி காருக்கு எட்டு வயதாகிறது. கதவுகளின் அடிப்பகுதியில் துரு கொப்பளித்திருக்கிறது. பின்கதவில் தூண் உரசிய கீறலும் இருக்கிறது. அந்தக் கதவுக்கு மட்டும் பெயிண்ட் அடிக்க 9,000 ரூபாயும், வண்டி முழுவதற்கும் 60,000 ரூபாயும் கேட்கிறார்கள். விற்றால் 2 லட்சம் கிடைக்குமாம். சொந்தச் சேதத்துக்கான பிரீமியம் 8,000 ரூபாய். இழப்பீடு கோராமல் இருந்ததற்கான தள்ளுபடியாக (நோ கிளெய்ம் போனஸ்) அதில் 50 சதவீதம் கழிகிறது. இன்சூரன்ஸில் கோரலாமா, தனிநபர் கடன் வாங்கலாமா?

பதில்: துருவுக்கு இழப்பீடு கிடைக்காது. மோட்டார் காப்பீடு விபத்துச் சேதத்தை ஏற்குமே தவிர, நாள்பட்ட தேய்மானத்தை ஏற்பதில்லை. துரு அந்தத் தேய்மானத்தில்தான் சேரும்.

கீறலுக்குக் கோர உங்களுக்கு உரிமை உண்டு என்றாலும், கோரினால் நஷ்டம் உங்களுக்குத்தான். பெயிண்டிங் பில்லில் நான்கில் ஒரு பங்கைப் பொருள் செலவாகக் கொண்டு, அதில் பாதியைத் தேய்மானமாகக் கழிப்பார்கள். 9,000 ரூபாய்க்கு அது 1,125 ரூபாய். 1,500 சிசி வரையுள்ள கார்களுக்குக் கட்டாயப் பிடித்தம் 1,000 ரூபாய். ஆகக் கைக்கு வருவது 6,875 ரூபாய். இதற்கு ஈடாக உங்கள் போனஸ் அடுத்த புதுப்பிப்பில் பூஜ்யமாகி, பிறகு 20, 25, 35, 45 என ஏறித்தான் மீண்டும் 50 சதவீதத்தைத் தொடும். பிரீமியம் மாறாது என்று வைத்துக்கொண்டாலும், அந்த ஐந்து ஆண்டுகளில் நீங்கள் கூடுதலாகக் கட்டுவது 10,000 ரூபாய். போனஸைக் காக்கும் கூடுதல் பாதுகாப்பு எடுத்திருந்தால் மட்டும் இந்தக் கணக்கு மாறும்.

2 லட்சம் பெறும் வண்டிக்கு 60,000 ரூபாய் கடன் வாங்கிப் பெயிண்ட் அடிக்க வேண்டாம் என்று உறுதியாகச் சொல்கிறேன். முழுப் பெயிண்ட் விலையை அந்த அளவுக்கு உயர்த்தாது. பழைய கார் வாங்குபவர்கள் அதைப் பார்த்ததும் விபத்துக்குள்ளான வண்டியோ என்று சந்தேகப்படவும் செய்வார்கள்.

துருவுள்ள இடங்களை மட்டும் சேமிப்பிலிருந்து சரிசெய்யுங்கள். கொப்பளத்தின் மேல் பட்டி பூசி மறைக்கும் வேலைக்குச் சம்மதிக்காதீர்கள். உள்ளே ஈரமும் உப்பும் தங்கியிருப்பதால் துரு மறுபடியும் வெளியே வரும், கொடுத்த பணம் வீணாகும். தகரம் பளிச்சென்று தெரியும்வரை தேய்த்து, ஓட்டை விழுந்த இடத்தை வெட்டி வெல்டிங் செய்து, எபாக்சி பிரைமர் அடித்த பிறகே பட்டியும் பெயிண்டும் வர வேண்டும் என்பதை மதிப்பீட்டிலேயே எழுதி வாங்குங்கள். கதவின் அடியில் தண்ணீர் வடியும் துளைகள் அடைபட்டிருந்தால் அவற்றையும் திறக்கச் சொல்லுங்கள்; பெரும்பாலும் துரு தொடங்குவது அங்கேதான்.

ஆனால் இதற்கெல்லாம் முன்பணம் கொடுப்பதற்கு முன் வண்டியை லிஃப்டில் ஏற்றி அடிச்சட்டத்தையும் ஜாக்கி வைக்கும் இடங்களையும் பார்த்துவிடுங்கள். அங்கே உளுத்திருந்தால் பெயிண்டுக்கு ஒரு ரூபாய்கூடச் செலவிடாமல், குறையைச் சொல்லியே விற்றுவிடுங்கள். அடிச்சட்டம் உறுதியாக இருந்தால், அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் கதவு வேலையை முடித்துவிடுங்கள்.