வார இறுதி அம்பயர் எவ்வளவு வரி கட்ட வேண்டும்?

கேள்வி: கோவையில் ஒரு தனியார் நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். ஆண்டுச் சம்பளம் 12.4 லட்சம். சனி, ஞாயிறுகளில் கிரிக்கெட் அம்பயராகப் போகிறேன். அதற்கான தேர்வு எழுதித் தேறியிருக்கிறேன். 2025-26 நிதியாண்டில் மாவட்ட லீக்கில் 62,000, கம்பெனிகள் நடத்திய போட்டிகளில் 48,000, பள்ளி, கல்லூரிப் போட்டிகளில் 26,000, ஆக மொத்தம் 1,36,000 ரூபாய் வந்தது. லீக்கை நடத்தும் கிரிக்கெட் சங்கம் மட்டும் 6,200 ரூபாய் டிடிஎஸ் பிடித்தது. பெட்ரோல், பஸ், ஷூ, பதிவுக் கட்டணம் எல்லாம் சேர்த்து 58,000 செலவு, எழுதி வைத்திருக்கிறேன். சம்பளத்துக்கு வரி வராது என்று அலுவலகத்தில் எதுவும் பிடிக்கவில்லை. "44ஏடிஏ-வில் பாதியைக் காட்டினால் போதும்" என்கிறார் ஒரு நண்பர். "அதுதான் டிடிஎஸ் பிடித்துவிட்டார்களே, விடு" என்கிறார் இன்னொருவர். நான் என்ன செய்ய வேண்டும்? லைசென்ஸ், ஜிஎஸ்டி ஏதாவது எடுக்க வேண்டுமா?

பதில்: முதலில் இரண்டாவது நண்பர் சொன்னதைப் பார்ப்போம். பலரை மாட்டிவிடுவது அந்தப் பேச்சுதான். டிடிஎஸ், அதாவது பணம் தருபவர் முதலிலேயே பிடித்துக்கொள்ளும் வரி, உங்கள் கணக்கில் வரவு வைக்கப்படும் முன்பணம். உங்கள் வரி எவ்வளவு என்பதை அது தீர்மானிப்பதில்லை. அம்பயர், ரெஃப்ரீ கட்டணத்தை வருமான வரிச் சட்டத்தின் 194ஜே பிரிவின் கீழ் கொண்டுவந்து 2008 ஆகஸ்டில் அறிவிக்கை வந்தது. அதன்படி 10% பிடிக்கிறார்கள். ஒரே இடத்திலிருந்து ஆண்டுக்கு 50,000 ரூபாயைத் தாண்டினால்தான் பிடித்தம். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 30,000. சங்கம் பிடித்ததற்கும் மற்றவர்கள் பிடிக்காததற்கும் காரணம் இந்த வரம்புதான். பிடிக்காத 74,000 ரூபாயும் உங்கள் வருமானமே. மேட்ச் முடிந்ததும் கையில் கொடுக்கும் பேட்டாவும் அப்படித்தான். ஊழியர்களின் பயணப்படிக்கு உள்ள விலக்கு உங்களுக்குக் கிடையாது. பேட்டாவை வரவிலும், பயணச் செலவைச் செலவிலும் காட்ட வேண்டும்.

இனி உங்கள் கணக்கு. சம்பளம் 12,40,000. நிலைக் கழிவு (ஸ்டாண்டர்ட் டிடக்‌ஷன்) 75,000 போக 11,65,000. புதிய வரி முறையில் 12 லட்சம் வரை 87ஏ தள்ளுபடி உண்டு. அதனால்தான் அலுவலகத்தில் எதுவும் பிடிக்கவில்லை, அது சரிதான். இதில் அம்பயரிங் லாபம் 78,000 (1,36,000 கழித்தல் 58,000) சேர்ந்தால் மொத்தம் 12,43,000. 12 லட்சத்தைத் தாண்டியதுமே தள்ளுபடி போய்விடுகிறது. விகிதப்படி கணக்கிட்டால் வரி 66,450 வரும். ஆனால் 12 லட்சத்துக்கு மேல் எவ்வளவு கூடுதலாகச் சம்பாதித்தீர்களோ அதற்கு மேல் வரி வாங்கக்கூடாது என்று ஒரு நிவாரணம் இருக்கிறது. ஆக வரி 43,000, அதன் மேல் 4% செஸ் 1,720, மொத்தம் 44,720. பிடித்த 6,200 போக 38,520 கட்ட வேண்டும். இவ்வளவு நாளும் முன்கூட்டிய வரி கட்டாததால் வட்டியும் சேரும். தவணை தவறியதற்கு ஏறக்குறைய 1,950, அதோடு ஏப்ரல் முதல் கட்டும் மாதம் வரை மாதத்துக்கு 385 ரூபாய் அளவில்.

வெயிலில் நாள் முழுக்க நின்று சம்பாதித்த 78,000-இல் பாதிக்கு மேல் வரியாகப் போகிறது என்பதைப் படிக்கும்போது உங்களுக்கு வருத்தமாக இருக்கும். எனக்கும் வருத்தம்தான். சிறிய தொகை வாங்கும் நடுவர்கள் 12 லட்சத்தை ஒட்டிய இந்த இடத்தில்தான் அதிகம் அடிபடுகிறார்கள். 12 லட்சத்துக்கும் சுமார் 12.7 லட்சத்துக்கும் இடையே கூடுதலாக வரும் ஒவ்வொரு ரூபாயும் அப்படியே வரிக்குப் போகிறது. இதற்கு மறுபக்கமும் உண்டு: இந்த இடைவெளிக்குள் நீங்கள் ஆதாரத்தோடு காட்டும் ஒவ்வொரு ரூபாய்ச் செலவும் ஒரு ரூபாய் வரியைக் குறைக்கும். ஆகவே செலவுக் கணக்கை அசட்டையாக விடாதீர்கள்.

எவையெல்லாம் செலவு? பொள்ளாச்சி, உடுமலை, திருப்பூர் என்று மைதானத்துக்குப் போய்வந்த பெட்ரோல், பஸ் கட்டணம். சங்கச் சின்னம் போட்ட சீருடை, வெள்ளை ஷூ, தொப்பி, பந்து எண்ணும் கவுன்ட்டர். தேர்வுக் கட்டணம், ஆண்டுப் பதிவு. பயிற்சி முகாமுக்குப் போனது. செல்போன் செலவில் நியாயமான ஒரு பங்கு. மதியச் சாப்பாட்டையும் கண்ணாடி வாங்கியதையும் நான் சேர்க்க மாட்டேன், அவை சொந்தச் செலவு. பெட்ரோலுக்கு வெறும் பில் மட்டும் போதாது. தேதி, மைதானம், எந்த மேட்ச், எத்தனை கிலோமீட்டர் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அலுவலகம் போக ஓட்டிய பைக்கும் அதேதான் என்றால் மேட்சுக்கு ஓடிய பங்கை மட்டுமே காட்டலாம். சங்கம் அனுப்பும் மேட்ச் பட்டியலைப் பத்திரப்படுத்துங்கள், உங்கள் நோட்டுக்கு அதைவிட நல்ல சாட்சி கிடையாது.

அடுத்தது 44ஏடிஏ. வரவில் பாதியை லாபமாகக் காட்டினால் போதும் என்ற சலுகை வழக்கறிஞர், மருத்துவர், பொறியாளர், கட்டடக் கலைஞர், கணக்காளர், தொழில்நுட்ப ஆலோசகர், உள் அலங்கார வல்லுநர், திரைக் கலைஞர் என 44ஏஏ பிரிவில் குறிப்பிட்ட தொழில்களுக்கு மட்டும் பொருந்தும். அம்பயர் அந்தப் பட்டியலில் இல்லை. 2008 அறிவிக்கை வரி பிடித்தத்துக்காக மட்டும் வந்தது. "194ஜே-யில் பிடித்தார்கள், ஆகவே 44ஏடிஏ பொருந்தும்" என்பது தவறான முடிவு. உங்கள் விஷயத்தில் அப்படிக் காட்டினால் லாபம் 68,000 ஆகக் குறைந்து, வரி பத்தாயிரத்துக்கு மேல் குறையும். பின்னால் கேள்வி வந்தால் அந்தப் பத்தாயிரத்தோடு வட்டியும் அபராதமும் சேர்த்துக் கட்ட வேண்டியிருக்கும். அந்த வழியில் போகாதீர்கள்.

வருமானத்தையே காட்டாமல் விடுவது இன்னும் மோசம். சங்கம் கொடுத்த 62,000 வருமான வரித் துறை உங்கள் பெயரில் வைத்திருக்கும் 26ஏஎஸ், ஏஐஎஸ் பட்டியல்களில் ஏற்கெனவே ஏறியிருக்கும். குறைத்துக் காட்டினால், அதனால் குறைந்த வரியில் 50% அபராதம். தெரிந்தே மறைத்ததாக முடிவானால் 200%.

ரிட்டர்ன் படிவம் ஐடிஆர்-3. வாரா வாரம், தேர்வு எழுதித் தகுதி பெற்று, கட்டணம் வாங்கிச் செய்வதைத் தொழில் வருமானமாகக் காட்டுவதுதான் சரி. ஐடிஆர்-1 உங்களுக்கு ஆகாது. வருடத்தில் ஓரிரு மேட்சுக்கு மட்டும் போகிறவர் இதர வருமானமாகக் காட்டலாம். உங்கள் அளவுக்கு முறையான கணக்குப் புத்தகங்கள் கட்டாயமில்லை. படிவத்தில் "கணக்குப் புத்தகம் இல்லாதவர்" பகுதியிலேயே மொத்த வரவு, செலவு, நிகர லாபத்தை நிரப்பிவிடலாம். ஒன்றை மட்டும் கவனியுங்கள்: தொழில் வருமானம் உள்ளவர் பழைய வரி முறைக்குப் போக 10-ஐஇஏ படிவம் தர வேண்டும், புதிய முறைக்குத் திரும்பிவிட்டால் மறுபடி பழையதற்குப் போக முடியாது. சம்பளம் மட்டும் வாங்குகிறவர்களைப் போல் ஆண்டுக்கு ஆண்டு மாற்றிக்கொள்ளலாம் என்று நினைத்துவிடாதீர்கள்.

இந்த ஆண்டு ரிட்டர்னில் இனி பெரிதாகச் செய்ய எதுவும் இல்லை. நடப்பு ஆண்டுக்கு வழி இருக்கிறது. உங்கள் நிறுவனத்தில் நிறுவனப் பங்களிப்புள்ள என்பிஎஸ் (தேசிய ஓய்வூதியத் திட்டம்) உண்டா என்று மனிதவளத் துறையைக் கேளுங்கள். அடிப்படைச் சம்பளம், அகவிலைப்படியில் 14% வரை நிறுவனம் உங்கள் பெயரில் போடும் தொகைக்குப் புதிய முறையிலும் கழிவு உண்டு. அடிப்படைச் சம்பளம் மாதம் 45,000 என்றால் ஆண்டுக்கு 75,600. உங்கள் மொத்த வருமானம் 11.67 லட்சத்துக்கு இறங்கி, வரி இல்லாமலே போகும்; பிடித்த டிடிஎஸ்-உம் திரும்ப வரும். ஆனால் அந்தப் பணத்தின் பெரும்பகுதியை ஓய்வுக்காலம் வரை எடுக்க முடியாது. ஓய்வுக்காலச் சேமிப்பு உங்களுக்கு எப்படியும் தேவை என்றால் மட்டும் செய்யுங்கள், குழந்தைகளின் படிப்புப் பணத்தை எடுத்து இதில் போடாதீர்கள். என்பிஎஸ் இல்லை என்றால், அம்பயரிங் வருமானத்தை அலுவலகத்தில் தெரிவித்து சம்பளத்திலேயே வரி பிடிக்கச் சொல்லலாம். அல்லது ஜூன், செப்டம்பர், டிசம்பர், மார்ச் 15-ஆம் தேதிகளில் முன்கூட்டிய வரி கட்டலாம். டிடிஎஸ் போக 10,000 ரூபாய்க்கு மேல் வரி வந்தால் இது கட்டாயம். 2026 ஏப்ரல் முதல் புதிய வருமான வரிச் சட்டம் நடைமுறையில் இருப்பதால் பிரிவு எண்கள் மாறியிருக்கும். நான் சொன்ன பழைய எண்கள் 2025-26 கணக்குக்கானவை.

ஜிஎஸ்டி வேண்டாம். சேவைக்கான வரம்பு 20 லட்சம். சம்பளம் அதில் சேராது. அங்கீகரிக்கப்பட்ட விளையாட்டு அமைப்பு நடத்தும் போட்டியில் அந்த அமைப்புக்காக நிற்கும் அம்பயரின் சேவைக்கு 2017 முதலே முழு விலக்கும் உண்டு. கம்பெனிப் போட்டிக்கு அந்த விலக்கு கிடையாது, ஆனால் உங்கள் வரவுக்கு வரம்பே போதும். யாராவது ஜிஎஸ்டி எண் கேட்டால் "பதிவு தேவையில்லை" என்று பில்லில் எழுதிக் கொடுங்கள். பான் எண்ணை மட்டும் தவறாமல் கொடுங்கள், இல்லையென்றால் பிடித்தம் 20%. தொழில் வரி ஆண்டுக்கு 2,500-க்கு மேல் போகாது. அலுவலகத்தில் அதை முழுதாகப் பிடித்தால் அம்பயரிங்குக்கென்று தனியாக எதுவும் வராது.

அரசு லைசென்ஸ் என்று அம்பயருக்கு ஒன்று கிடையாது. சங்கத் தேர்வும் பதிவும்தான் தகுதி. பதிவைப் புதுப்பிக்காமல் விட்டால் மேட்ச் கொடுக்க மாட்டார்கள், அவ்வளவே. நீங்கள் வாங்க வேண்டிய அனுமதி உங்கள் நிறுவனத்திடம். நியமனக் கடிதத்தில் "வேறு வேலை செய்யக்கூடாது" என்ற வாசகம் இருந்தால், வார இறுதியில் மட்டும் அம்பயராக இருக்கிறேன் என்று மின்னஞ்சல் அனுப்பி எழுத்தில் ஒப்புதல் பெறுங்கள். மத்திய அரசு ஊழியராக இருக்கும் அம்பயர்களுக்கு இது இன்னும் கண்டிப்பானது. 1964 நடத்தை விதிகளின் 15-ஆம் விதிப்படி வெளி அமைப்பிடம் கட்டணம் வாங்க முன் அனுமதி வேண்டும். மாநில அரசு ஊழியர், வங்கி ஊழியர்களுக்கு அவரவர் நடத்தை விதிகள் தனி. உங்கள் கூட நிற்பவர்களில் ஆசிரியர்களும் வங்கிக்காரர்களும் இருப்பார்கள். அடுத்த சீசன் பட்டியல் வருவதற்குள் அவர்களையும் அனுமதிக் கடிதம் வாங்கிவிடச் சொல்லுங்கள்.