பேசும் முரசும் சொற்கட்டும்

அன்புள்ள ஐயா,

மேற்கு ஆப்பிரிக்காவின் பேசும் முரசைப் பற்றிய ஒரு காணொளியை அண்மையில் பார்த்தேன். முரசு ஏதோ சொல்ல, எதிரில் இருந்தவர் புரிந்துகொண்டு சிரித்தார். தந்திக் குறியீட்டைப் போல எழுத்துக்கு ஓர் அடி என்று வகுத்துவைத்திருக்கிறார்களா? மிருதங்கத்தில் நாம் 'தகதிமி' என்று சொல்லி வாசிப்பதும் இதே முறைதானா?

க.,
திருவையாறு

அன்புள்ள க.,

குறியீடு அல்ல, முரசு பேசுவது அதை வாசிப்பவர்களின் மொழியையேதான். நைஜீரியாவின் தென்மேற்கிலும் அதை ஒட்டிய பெனினிலும் வழங்கும் யொரூபா மொழியில், ஒவ்வோர் அசையும் மேல், நடு, கீழ் என்னும் மூன்று சுருதிநிலைகளுள் ஒன்றில் நின்றாக வேண்டும். 'ஒக்கொ' என்பதன் இரண்டு அசைகளையும் நடுவில் நிறுத்தினால் கணவன். இரண்டாவதை உயர்த்தினால் மண்வெட்டி, தாழ்த்தினால் படகு. இரண்டையுமே தாழ்த்தினால் ஈட்டி. ஆகவே மெய்யையும் உயிரையும் விட்டுவிட்டு இந்த ஏற்ற இறக்கத்தை மட்டும் எழுப்பினாலும் வாக்கியத்தின் உருவம் காதில் தங்கிவிடுகிறது.

அதற்கென்றே அமைந்தது 'டுன்டுன்' என்னும் முரசு. நம் உடுக்கையைப் போல இடை சிறுத்த அதன் இருமுகத் தோல்களையும் இணைக்கும் வார்களை ஒரு கை அழுத்தும்போது தோல் இறுகிச் சுருதி ஏறுகிறது, பிடி தளர்ந்தால் இறங்குகிறது. மறு கையில் முனை வளைந்த கோல். அடித்த ஒலி அடங்குமுன் வாரை இழுத்தால் சுருதி வழுக்கிச் செல்லும் என்பதால் பேச்சின் நெளிவையும் அதில் கொண்டுவர முடிகிறது. குழுவில் பேசும் பொறுப்பு பெரும்பாலும் 'இயா இலு' எனப்படும் தாய் முரசுக்கே உரியது.

ஒரே ஏற்ற இறக்கம் பல சொற்களுக்குப் பொருந்துமே, குழப்பம் வராதா என்றால், வரும். அதனால்தான் தனிச்சொல்லை வாசிக்காமல், பழமொழிகளையும் 'ஒரிக்கி' எனப்படும் புகழ்ச்செய்யுளையும் வாசிக்கிறார்கள். கேட்பவருக்கு அந்த வரி முன்பே பாடமாகியிருக்கும். காங்கோவின் லொக்கேலே மக்களிடம் சிக்கல் இன்னும் பெரிது. மரத்தைக் குடைந்து செய்யும், தோலே இல்லாத அவர்களுடைய முரசில் இரண்டே சுருதிகள். நிலா என்று மட்டும் சொன்னால் விளங்காது என்பதால் 'நிலத்தை நோக்கும் நிலா' என்றும், கோழியைக் 'கியோகியோ என்னும் சின்னக் கோழி' என்றும் நீட்டிச் சொல்கிறார்கள். (நம் புலவர்கள் அடைமொழி அடுக்கியதற்கு இப்படி ஒரு சாக்கு கிடைத்திருந்தால் மகிழ்ந்திருப்பார்கள்.)

நீங்கள் கேட்ட 'தகதிமி' போன்ற மிருதங்கச் சொற்கட்டு நேர் எதிர்த்திசையில் வந்தது. அங்கே வாயின் சொல் தோலுக்குப் போகிறது. இங்கே தோலின் ஓசை வாய்க்கு வருகிறது. 'தகதிமி'க்கு அகராதியில் பொருள் இல்லை. எந்த அடியை எந்தக் கணக்கில் வாசிப்பது என்பதை நாவில் பிடித்துவைக்கும் ஒலி அது. மேலும், தமிழில் சுருதி மாறுவதால் சொல் மாறுவதில்லை. 'படி' என்பதை எவ்வளவு ஏற்றிச் சொன்னாலும் அது படகாகிவிடாது. எனவே உடுக்கையின் கயிற்றை அழுத்திச் சுருதியைக் கூட்டலாம், குறைக்கலாம்; யொரூபாவைப் போல அதில் தமிழைப் பேசவைக்க முடியாது.

அந்தக் காணொளியை மறுபடி பார்த்தால், கோல் பிடித்த கையைவிட வார்களைப் பிடித்த கையைக் கவனியுங்கள்.