பழைய கோயிலுக்கு நூறு மீட்டருக்குள் வீடு: ஓட்டுக் கூரையை மாற்றலாமா, மாடி எடுக்கலாமா?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்தில் ஒரு கிராமம் எங்களுடையது. மத்திய தொல்லியல் துறை பாதுகாக்கும் பழைய கற்கோயிலுக்குத் தெற்கே எங்கள் வீடு. என் மாமனார் 1974 வாக்கில் கட்டிய ஓட்டு வீடு. பட்டா இப்போது மாமியார் பெயரில் இருக்கிறது. மழை பெய்தால் அடுப்படி வரை ஒழுகுகிறது. ஓட்டைப் பிரித்துவிட்டு கான்கிரீட் போட்டு, மேலே ஒரு அறையும் எடுக்கலாம் என்று ஊராட்சியில் அனுமதி வாங்கினோம். செங்கல், மணல் இறக்கி, பில்லருக்குக் கம்பி கட்டிய மறுநாள் வேலையை நிறுத்தச் சொல்லி தொல்லியல் துறை நோட்டீஸ் வந்துவிட்டது. கொத்தனார், "ராத்திரியோடு ராத்திரியா முடிச்சிரலாம்" என்கிறார். எங்கள் இடத்தை அரசு எடுத்துக்கொள்ளுமா? மொத்தமாக இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாமா?

பதில்: அம்மா, முதலில் கொத்தனாரை அனுப்பிவிடுங்கள். பழைய நினைவுச்சின்னங்களைக் காக்கும் சட்டத்தில் அபராதத்தோடு முடிவதில்லை. நினைவுச்சின்னத்தைச் சுற்றித் தடை செய்யப்பட்ட பகுதியில் கட்டினால் இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும் விதிக்கலாம். கட்டியதை இடிக்கச் சொல்லியும் உத்தரவு வரும். சிமெண்டுக்குப் போட்ட பணமும் போய், மாமியாரைக் கோர்ட்டுக்கு அலைய வைப்பதுதான் மிஞ்சும்.

சரி, இடம் உங்களுடையதா? உங்களுடையதுதான். பட்டா மாறாது, விற்கலாம், பிள்ளைகளுக்கு எழுதி வைக்கலாம். ஆனால் வாங்குகிறவருக்கும் இதே கட்டுப்பாடு இருக்கும். அதை மறைத்து விற்காதீர்கள்.

உங்களைத் தடுப்பது 1958-ஆம் ஆண்டின் பழங்கால நினைவுச்சின்னங்கள், தொல்லியல் தளங்கள் சட்டம். 2010-இல் அதைத் திருத்தி இறுக்கினார்கள். பாதுகாக்கப்பட்ட எல்லையிலிருந்து எல்லாத் திசையிலும் 100 மீட்டர் தடை செய்யப்பட்ட பகுதி. அதற்கும் வெளியே 200 மீட்டர் ஒழுங்குபடுத்தப்பட்ட பகுதி. முதல் வட்டத்தில் புதுக் கட்டடம் கூடாது. இரண்டாவது வட்டத்தில் அனுமதி வாங்கிக் கட்டலாம். ஊராட்சி தந்த அனுமதி இந்த மத்தியச் சட்டத்தை மீற முடியாது. ஊராட்சியில் அதை யாரும் உங்களிடம் சொல்லாமல் விட்டதுதான் வருத்தம்.

உங்கள் வழக்கின் உயிர், எங்கிருந்து அளப்பது என்பதில் இருக்கிறது. கோயில் சுவரிலிருந்து டேப் பிடித்து, "நூற்றுப் பத்து மீட்டர் இருக்கு சார்" என்று என்னிடம் வருகிறவர்கள் அதிகம். அளவு சுவரிலிருந்து தொடங்குவதில்லை. கோயிலைப் பாதுகாக்க அரசு வெளியிட்ட அறிவிக்கையில் சொன்ன எல்லையிலிருந்து தொடங்கும். என்னிடம் வழக்குக் கொடுத்த ஒருவரின் வீட்டுக்கு சர்வேயரோடு நானே போயிருக்கிறேன். கருவேலம் புதருக்குள் மறைந்து கிடந்த எல்லைக் கல்லைக் கண்டுபிடித்து அங்கிருந்து சங்கிலி போட்டால், நூறாவது மீட்டர் அவர் வீட்டுக்கு அப்பால், கிணற்றடியில் போய் நின்றது. சுவரிலிருந்து அளந்தபோது வெளியே இருந்த வீடு உள்ளே வந்துவிட்டது. எதிர்மாறாக, ஊர்ப் பேச்சை நம்பிப் பயந்துகொண்டிருந்த வீடு உண்மையில் வெளியே இருந்ததையும் பார்த்திருக்கிறேன்.

ஆகவே தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் பத்து ரூபாய் கட்டணத்தோடு தொல்லியல் துறைக்கு ஒரு மனுப் போடுங்கள். கோயிலைப் பாதுகாக்கப்பட்டதாக அறிவித்த அரசிதழ் நகல், அதில் வரும் சர்வே எண்கள், எல்லை வரைபடம் மூன்றையும் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். உங்கள் வீட்டுப் புலப்படத்தை, அதாவது மனையின் அளவு வரைபடத்தை, தாலுகா அலுவலகத்தில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

நூறு மீட்டருக்குள் என்றே வைத்துக்கொள்வோம். மாடி அறையை மறந்துவிடுங்கள். மேலே உயர்த்துவதும் பக்கவாட்டில் நீட்டுவதும் சட்டத்தின் பார்வையில் கட்டுமானம். இடித்துவிட்டு அதே அளவில் மறுபடி கட்டுவதும் இந்த வட்டத்துக்குள் கூடாது. அது வெளி வட்டத்தில், அனுமதியோடு மட்டும். பழைய வீட்டைக் கோபத்தில் இடித்தீர்கள் என்றால் காலி மனைதான் மிஞ்சும். இதற்காகவே பழைய சுவரில் ஒரு செங்கல்லைக்கூட அவசரத்தில் எடுக்க வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்கிறேன்.

பழுது பார்க்க வழி இருக்கிறது. 1992 ஜூன் 16-க்கு முன்பே இருந்த கட்டடத்தைச் சீர்படுத்த உரிமையாளர் விண்ணப்பிக்கலாம் என்று சட்டமே சொல்கிறது. உங்கள் வீடு 1974. அதைக் காகிதத்தில் காட்ட வேண்டும்: பழைய வீட்டு வரி ரசீது, மின் இணைப்பு கொடுத்த தேதி, கிரயப் பத்திரம், முற்றம் தெரியும் பழைய கல்யாணப் போட்டோ எதுவானாலும் எடுத்துவையுங்கள். நாட்டு ஓடு, ரீப்பர், கைமரம் மாற்றுவது பழுதுபார்ப்பில் வரும். ஓட்டுக்குப் பதில் கான்கிரீட் என்பதை நீங்களாகவே பழுதுபார்ப்பு என்று முடிவு கட்ட வேண்டாம். உயரம், அளவு எல்லாம் வரைந்து வெளிப்படையாகக் கேளுங்கள். உங்கள் நிலையில் நான் ஓட்டுக் கூரையைத்தான் கேட்பேன். சீக்கிரம் கிடைக்க வாய்ப்பு அதிகம்.

விண்ணப்பம் மாமியார் பெயரில், இந்தச் சட்டப்படி அனுமதி தர நியமிக்கப்பட்ட தகுதிவாய்ந்த அதிகாரிக்குப் போக வேண்டும். அவர் 15 நாளில் தேசிய நினைவுச்சின்னங்கள் ஆணையத்துக்கு அனுப்ப வேண்டும். ஆணையம் இரண்டு மாதத்தில் கருத்துச் சொல்ல, அதன்பின் ஒரு மாதத்தில் அதிகாரி முடிவு தர வேண்டும். மறுப்பதென்றால் உங்கள் தரப்பைக் கேட்ட பிறகுதான் மறுக்கலாம். காலம் தாண்டிக் கிடப்பில் போட்டாலோ, கேட்காமலே மறுத்தாலோ, மதுரைக் கிளை உயர் நீதிமன்றத்தில் ரிட் மனுப் போடலாம். உங்கள் மாவட்டம் அதன் எல்லைக்குள் வருகிறது.

நோட்டீசுக்கு உடனே எழுத்தில் பதில் கொடுங்கள். வேலையை நிறுத்திவிட்டோம், ஊராட்சி அனுமதியை நம்பித் தொடங்கினோம், பழுதுபார்க்க விண்ணப்பிக்கிறோம் என்று நான்கு வரி போதும். கட்டிய கம்பியை இன்றைய தேதியோடு போட்டோ எடுத்து இணையுங்கள். பதிவுத் தபால் ரசீதைப் பத்திரப்படுத்துங்கள்.

இவ்வளவு கெடுபிடி எதற்கு என்று உங்களுக்குக் கோபம் வரலாம். உங்கள் மாவட்டத்திலேயே கொடும்பாளூர் மூவர் கோயிலைப் பாருங்கள். மூன்று கோயிலில் இரண்டுதான் நிற்கின்றன. மூன்றாவதுக்கு அடித்தளம் மட்டும் இருக்கிறது. சுற்றிலும் சின்னச் சன்னதிகளின் அடிக்கற்கள் தரையோடு தரையாகத் தெரிகின்றன. அந்த மண்ணில் யாராவது பில்லர் குழி தோண்டியிருந்தால் அவை இருந்த தடமே தெரியாமல் போயிருக்கும். உங்கள் கோயிலைச் சுற்றிய மண்ணிலும் என்ன இருக்கிறதென்று யாரும் தோண்டிப் பார்த்ததில்லை. அதே சமயம், ஒழுகும் கூரைக்கடியில் ஒரு முதியவளை உட்கார வைப்பதும் அந்தச் சட்டத்தின் நோக்கமல்ல. அதனால்தான் பழுதுபார்க்கும் வழியைத் திறந்து வைத்திருக்கிறார்கள்.

கழிப்பறை பற்றியும் கேட்பீர்கள் என்று தோன்றுகிறது. சட்டம் விலக்கு அளிப்பது பொதுக் கழிப்பறைக்கு. வீட்டுக்குள் புதிதாகக் கட்டுவதென்றால் அதையும் விண்ணப்பத்திலேயே சேர்த்துக் கேட்டுவிடுங்கள்.

பழுதுபார்ப்பு விண்ணப்பத்துக்குப் பதில் வர மூன்றரை மாதம் ஆகும். ஐப்பசி மழைக்கு முன் கூரை மேல் நல்ல தார்ப்பாய் போட்டுக் கயிற்றால் இழுத்துக் கட்டுங்கள், அது கட்டுமானமாகாது. இறக்கிய செங்கலைக் கோயில் பக்கம் அடுக்காமல் வீட்டுக் கொல்லைக்கு மாற்றிவிடுங்கள்.