காருடன் வந்த இலவச ஆப் முடியப்போகிறது, காசு கட்டிப் புதுப்பிக்கலாமா?

கேள்வி: வண்டி வாங்கியபோது இலவசமாகக் கொடுத்த கனெக்டட் ஆப் சேவை (போனிலிருந்தே காரைப் பார்க்கவும் இயக்கவும் உதவுவது) அடுத்த மாதம் முடிகிறது. புதுப்பிக்கச் சொல்லி மெசேஜ் மேல் மெசேஜ் வருகிறது. கட்டலாமா, விட்டுவிடலாமா?

எங்கள் வீட்டில் இரண்டு கார். ஒன்று பெட்ரோல், மற்றது எலக்ட்ரிக். இலவசக் காலம் முடிந்ததும் பெட்ரோல் காரின் சந்தாவை அப்படியே விட்டுவிட்டோம். எலக்ட்ரிக் காருக்கு இன்னும் கட்டுகிறோம், அடுத்த வருடமும் கட்டுவோம் என்றுதான் நினைக்கிறேன். ஒரே வீட்டில் ஒரே ஆட்கள் எடுத்த இரண்டு முடிவுகள் இவை. அதனால் பொத்தாம்பொதுவாகக் ‘கட்டுங்கள்’ என்றோ ‘வேண்டாம்’ என்றோ சொல்ல மாட்டேன்.

புதுப்பிக்கச் சொல்லும் பக்கத்தைத் திறந்தால் வசதிகளின் பட்டியல் போய்க்கொண்டே இருக்கும். அதைப் பார்த்து மலைக்க வேண்டாம். உங்களையே ஒன்று கேட்டுக்கொள்ளுங்கள்: வண்டிக்குப் பக்கத்தில் இல்லாத நேரத்தில் எனக்கு அந்த வண்டியிடம் என்ன வேலை? உள்ளே ஏறி உட்கார்ந்த பிறகு அந்தப் பட்டியலில் இருப்பவற்றில் பெரும்பாலானவை தேவைப்படாது. வழிக்கும் பாட்டுக்கும் போன் இருக்கிறது, ஆண்ட்ராய்டு ஆட்டோவோ கார்பிளேவோ இருந்தால் அது திரையிலும் வந்துவிடும். குரல் கொடுத்து சன்ரூஃபைத் திறப்பதெல்லாம் வண்டி வாங்கிய முதல் வாரம் சொந்தக்காரர்களுக்குக் காட்டத்தான். கை எட்டும் தூரத்தில் பட்டன் இருக்கிறதே.

எங்கள் பெட்ரோல் காரில் இந்தக் கேள்விக்குக் கிடைத்த பதில் சப்பென்று இருந்தது. படுக்கப் போகும்போது ‘லாக் பண்ணினோமா?’ என்று சந்தேகம் வந்தால் ஆப்பைப் பார்ப்பது, எப்போதாவது பெட்ரோல் எவ்வளவு இருக்கிறது என்று பார்ப்பது. இரண்டுக்காகவும் வருடா வருடம் பணம் கட்டத் தோன்றவில்லை. இப்போது இறங்கியதும் கதவுக் கைப்பிடியை ஒரு தடவை இழுத்துப் பார்த்துவிட்டு வருகிறேன்.

வெயிலில் நிற்கும் வண்டியில் ஏறுவதற்கு முன்பே ஏசியைப் போட்டுவிடலாம் என்பதுதான் எல்லோரையும் இழுக்கும் வசதி. வேலை செய்யும்போது அருமைதான். வேலை செய்யாத நாளில் எப்படி இருக்கும் என்றால், ஆப்பைத் திறக்கிறீர்கள், ரகசிய எண் கேட்கிறது. கொடுத்ததும் ‘வாகனத்தைத் தொடர்புகொள்கிறோம்’ என்று ஒரு வட்டம் சுற்ற ஆரம்பிக்கிறது. லிஃப்டில் இறங்குகிறீர்கள், சுற்றுகிறது. பார்க்கிங்கில் நடக்கிறீர்கள், சுற்றுகிறது. கதவைத் திறந்து உட்கார்ந்து நீங்களே ஏசியைப் போட்ட பிறகு, ‘கோரிக்கை நிறைவேறவில்லை, சிறிது நேரம் கழித்து முயலவும்’ என்று வருகிறது.

காரணம் இல்லாமல் இல்லை. போனிலிருந்து கட்டளை நேரே காருக்குப் போவது கிடையாது. முதலில் கம்பெனியின் சர்வருக்குப் போகிறது. அங்கிருந்து மொபைல் நெட்வொர்க் வழியாகக் காருக்குள் பதித்திருக்கும் சிம்முக்கு, அப்புறம்தான் ஏசியோ கதவோ அதற்குரிய கன்ட்ரோல் யூனிட்டுக்கு. ‘ஆயிற்று’ என்ற பதிலும் வந்த வழியே திரும்ப வேண்டும். நிலத்தடிப் பார்க்கிங்கில் சிக்னல் இல்லையென்றால் நடுவிலேயே அறுந்துபோகும். சிக்னல் இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு: நின்றுகொண்டிருக்கும் வண்டி தன் 12 வோல்ட் பேட்டரியைக் காப்பாற்றிக்கொள்ள, தொடர்புக் கருவியைத் தூங்க வைத்துவிடும். பல நாள் எடுக்காமல் விட்ட வண்டி ஆப்புக்குப் பதிலே சொல்லாமல் கிடப்பது இதனால்தான். ஊருக்குப் போயிருக்கும்போது வண்டி பத்திரமாக இருக்கிறதா என்று பார்க்கத்தான் ஆப் வேண்டும் என்பவர்கள் இதை யோசிக்க வேண்டும்.

ஆகவே இலவசக் காலம் மிச்சம் இருக்கும்போதே, உங்கள் வண்டி வழக்கமாக நிற்கும் இடங்களில் வைத்து முயன்று பாருங்கள். ஷோரூம் வாசலில் வேலை செய்ததை வைத்து முடிவெடுக்காதீர்கள்.

எலக்ட்ரிக் கார் என்றால் கணக்கே வேறு. சார்ஜரில் செருகியிருக்கும்போதே ஏசியைப் போட்டு உள்ளே குளிர வைத்துவிட்டால், அதற்கான மின்சாரம் சுவரிலிருந்து வருகிறது. வண்டியின் பேட்டரியில் இருப்பது ஓட்டுவதற்கு மிஞ்சுகிறது. நீண்ட பயணத்துக்குக் கிளம்பும்போது இது கண்கூடாகத் தெரியும். அதைவிட எனக்குப் பெரிய உபயோகம் வேறு. பொது சார்ஜரில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருந்தோம். இலையில் கை வைத்த சற்று நேரத்தில் ‘சார்ஜிங் நின்றுவிட்டது’ என்று போனில் வந்தது. போய்ப் பார்த்தால் சார்ஜர் தானாகவே நின்றிருந்தது. கழற்றி மறுபடி செருகிவிட்டு வந்தேன். அந்த அறிவிப்பு வராமல் இருந்திருந்தால், சாப்பிட்டு முடித்துத் திரும்பி வந்து அங்கேயே இன்னொரு தடவை காத்திருந்திருப்போம். வண்டியிடமிருந்து எட்ட இருக்கும்போது தெரிந்தே ஆக வேண்டிய விஷயம் இது.

இதிலும் ஒரு ‘ஆனால்’ உண்டு. வீட்டில் மட்டும் சார்ஜ் போடுபவராக இருந்தால், எத்தனை மணிக்குச் சார்ஜ் தொடங்க வேண்டும், எத்தனை மணிக்கு ஏசி ஓட வேண்டும் என்பதைப் பல கார்களில் வண்டியின் திரையிலேயே நேரம் குறித்து வைத்துவிடலாம். தினமும் ஒரே நேரத்தில் கிளம்பும் ஆளுக்கு அது தாராளமாகப் போதும்.

டிரைவர் வைத்திருப்பவர்களும், புதிதாக லைசென்ஸ் எடுத்த பிள்ளைகள் வண்டி எடுத்துப்போகும் வீட்டுக்காரர்களும் வேக எச்சரிக்கை, குறித்து வைத்த பகுதியைவிட்டு வண்டி வெளியே போனால் எச்சரிக்கை போன்றவற்றுக்காகக் கட்டுகிறார்கள். நியாயமான தேவைதான். பார்க்கிறோம் என்பதை ஓட்டுபவரிடம் சொல்லிவிட்டுப் பாருங்கள். பின்னால் தெரியவந்தால் வீட்டில் வரும் சண்டைக்கு எந்தச் சந்தாவும் ஈடாகாது.

அடுத்து, பயத்தைக் காட்டி விற்கும் இரண்டு விஷயங்கள்: விபத்தும் திருட்டும்.

விபத்தில் ஏர்பேக் விரிந்தவுடன் வண்டி தானே உதவிக்கு அழைப்பது உண்மையிலேயே உயிர் காக்கக்கூடிய வசதி. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மார்ச் 31 முதல் புதிதாக அனுமதி பெறும் கார் மாடல்களில் ‘ஈகால்’ என்ற இந்த வசதி கட்டாயம். அது அங்குள்ள அவசர உதவி எண்ணான 112க்கு நேராகப் போகிறது, சந்தா கிடையாது. அப்படிச் சட்டம் இல்லாத இடங்களில் இதே வசதி சந்தாவுக்குள் அடங்கியிருக்கலாம். கூரையில் இருக்கும் எஸ்ஓஎஸ் பட்டன் சந்தா முடிந்த பிறகும் வேலை செய்யுமா என்று கம்பெனியிடம் கேட்டு, பதிலை மின்னஞ்சலில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். வேலை செய்யாது என்றால், அடிக்கடி இரவில், ஆள் நடமாட்டம் இல்லாத சாலையில் தனியாக ஓட்டுபவர் இதற்காக மட்டுமே பணம் கட்டினாலும் நான் குறை சொல்ல மாட்டேன். உங்கள் போனையும் ஒரு பார்வை பாருங்கள். 2022இல் வந்த ஐஃபோன் 14 முதல் ஆப்பிள் போன்களிலும், சில பிக்சல் போன்களிலும் மோதலை உணர்ந்து தானே அவசர எண்ணை அழைக்கும் வசதி இருக்கிறது.

திருட்டு விஷயத்தில் என் நம்பிக்கை குறைவு. வண்டி இருக்கும் இடத்தை ஆப் காட்டும், சில கம்பெனிகள் இன்ஜினை மறுபடி ஸ்டார்ட் ஆகாமலும் செய்யும். ஆனால் எல்லாம் அந்தச் சிம்முக்குச் சிக்னல் கிடைக்கும் வரைதான். சிக்னலை மறிக்கும் ஜாமர் கருவி திருடர்களுக்குப் புதிதல்ல. இது மட்டுமே உங்கள் தேவை என்றால் தனியாக ஒரு ஜிபிஎஸ் டிராக்கர் வாங்கி, உங்களுக்கு மட்டும் தெரிந்த மூலையில் பொருத்திக்கொள்ளலாம். அதற்கும் ஒரு சிம், அதற்கும் ஒரு கட்டணம் உண்டு, ஜாமர் முன்னால் அதுவும் அடங்கிப்போகும். ஆனாலும் கார் கம்பெனியின் கருவி எங்கே இருக்கும் என்று அந்த மாடலைத் தெரிந்த எவனுக்கும் தெரியும், இது அப்படியில்லை.

சந்தாவை விடுவதற்கு முன் பார்க்க வேண்டிய முக்கியமான ஒன்று: ஆப்போடு சேர்ந்து வண்டியில் வேறு எது நின்றுபோகும்? சாவியில் இருக்கும் ரிமோட் ஸ்டார்ட் வண்டியோடு நேரடியாக ரேடியோ அலையில் பேசுவது, அதற்கு இன்டர்நெட்டே தேவையில்லை. அப்படியிருந்தும் அமெரிக்காவில் டொயோட்டாவின் சில மாடல்களில் சந்தா இருந்தால்தான் அந்தச் சாவி வசதி ஓடும் என்று 2021 டிசம்பரில் தெரியவந்து பெரிய சர்ச்சையானது. பிஎம்டபிள்யூ 2022இல் சில நாடுகளில் இருக்கையைச் சூடாக்கும் வசதிக்கு மாதச் சந்தா வைத்தது. ஹீட்டர் கம்பி ஏற்கெனவே சீட்டுக்குள் இருக்கிறது, பூட்டியிருந்தது சாஃப்ட்வேர். வாங்கிக் கட்டிக்கொண்டு 2023இல் அதைக் கைவிட்டார்கள். உங்கள் வண்டியில் மேப் அப்டேட், சாஃப்ட்வேர் அப்டேட் எல்லாம் எந்தக் கணக்கில் வருகின்றன என்பதையும் இப்போதே கேட்டுவிடுங்கள்.

கட்டுவது என்று முடிவெடுத்தால் வருடத்துக்கு மட்டும் கட்டுங்கள். ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டினால் தள்ளுபடி என்பார்கள். கார் பதினைந்து வருடம் ஓடலாம், அதற்குள் இருக்கும் மோடமின் (சிம் வழியாக நெட்வொர்க்கோடு பேசும் கருவி) ஆயுள் நெட்வொர்க் கம்பெனியின் கையில். 2022 பிப்ரவரியில் அமெரிக்காவில் ஏடி அண்ட் டி தன் 3ஜி நெட்வொர்க்கை மூடியபோது, அதை நம்பியிருந்த ஏராளமான கார்களின் ஆப் வசதிகள் நின்றுபோயின. பிரிட்டனில் 2016க்கு முன் தயாரான நிசான் லீஃப் கார்களுக்கு 2024 ஏப்ரலோடு ஆப் சேவை முடிந்தது, அவை 2ஜியில் ஓடியவை. கார்கள் நன்றாகத்தான் ஓடின, சார்ஜுக்கும் ஏசிக்கும் நேரம் குறிப்பது காரின் திரையில் இருந்தது, போனிலிருந்து செய்வதுதான் போயிற்று. கம்பெனியே படுத்துவிட்டால் இன்னும் மோசம். அமெரிக்க எலக்ட்ரிக் கார் கம்பெனியான ஃபிஸ்கர் 2024 ஜூனில் திவாலானது. மிச்சமிருந்த கார்களை மொத்தமாக வாங்கிய நிறுவனம், அவற்றின் தகவல்களை வேறு சர்வருக்கு மாற்ற முடியாமல் நீதிமன்றத்தில் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது.

‘சந்தாவை நிறுத்தினால் வண்டி என்னை வேவு பார்ப்பதும் நின்றுவிடும்’ என்று நினைத்து விடுபவர்களும் இருக்கிறார்கள். அது தனி விஷயம். நீங்கள் பணம் கட்டாவிட்டாலும் வண்டிக்குள் சிம்மும் மோடமும் அப்படியேதான் இருக்கின்றன. 2024 செப்டம்பரில் பாதுகாப்பு ஆய்வாளர்கள் சிலர் கியாவின் இணையதளத்தில் இருந்த ஒரு ஓட்டையை வெளியிட்டார்கள். நம்பர் பிளேட்டில் உள்ள எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு வண்டியைத் திறக்கவும், எங்கே நிற்கிறது என்று பார்க்கவும் முடிந்தது. உரிமையாளர் சந்தா கட்டியிருக்கிறாரா என்பது ஒரு பொருட்டே இல்லை. கியா அதை அடைத்த பிறகுதான் விஷயத்தை வெளியே சொன்னார்கள். ஜெனரல் மோட்டார்ஸ், ஓட்டுநர்கள் எப்படி பிரேக் போடுகிறார்கள், எவ்வளவு வேகம் போகிறார்கள் என்ற விவரங்களைத் தரவுத் தரகர்களுக்குக் கொடுத்தது 2024 மார்ச்சில் வெளியானது. அங்கிருந்து அது இன்சூரன்ஸ் கம்பெனிகளுக்குப் போய்ப் பிரீமியத்தில் எதிரொலித்தது. மறு வருடம் ஜனவரியில் அமெரிக்காவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ஃபெடரல் டிரேட் கமிஷன் இதற்கு ஐந்தாண்டுத் தடையை முன்வைத்தது. தகவல் போகக் கூடாது என்றால் வண்டித் திரையின் அமைப்புகளில் தரவுப் பகிர்வு என்று எங்கேயாவது ஒரு மெனுவுக்குள் இருக்கும். தேடிப் பிடித்து அணையுங்கள். ‘ஓட்டும் திறனுக்கு மதிப்பெண்’ என்று ஆப்பில் ஏதாவது இருந்தால் அதையும் சேர்த்து.

அடுத்த மாதம் வரை அவகாசம் இருக்கிறது என்கிறீர்கள். போனின் அமைப்புகளில் எந்த ஆப்பை எவ்வளவு நேரம் பயன்படுத்தினீர்கள் என்று காட்டும், காரின் ஆப் அதில் எங்கே இருக்கிறது என்று பாருங்கள். எதற்காகத் திறந்தீர்கள் என்பதையும் நினைத்துப் பாருங்கள். அப்படியும் தெளிவு வரவில்லையென்றால் காலாவதியாக விட்டுவிடுங்கள். பெரும்பாலும் பின்னால் எப்போது வேண்டுமானாலும் சேர்ந்துகொள்ளலாம், மறுபடி சேர்வதற்குத் தனிக் கட்டணம் ஏதாவது இருக்கிறதா என்று மட்டும் முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். நாங்கள் பெட்ரோல் காருக்கு விட்ட பிறகு முதலில் சொன்னதைவிடக் குறைந்த விலையில் சலுகை வந்தது, அப்போதும் தேவைப்படவில்லை.

கட்டும்போது கடைசித் திரையில் ‘தானாகப் புதுப்பிக்கவும்’ என்ற கட்டத்தில் ஏற்கெனவே டிக் போட்டு வைத்திருப்பார்கள். அதை எடுத்துவிட்டுக் கட்டுங்கள். இதற்குள் வண்டியை விற்கும் எண்ணம் இருந்தால், மிச்சக் காலம் வாங்குபவருக்குப் போகுமா என்று கேளுங்கள். போகாது என்றால் கட்டவே வேண்டாம். விற்கும் அன்று உங்கள் கணக்கிலிருந்து வண்டியை நீக்கிவிட்டுச் சாவியைக் கொடுங்கள்.