வாசகர் கேள்வி–பதில்: ரேடியேட்டருக்கு எந்தத் தண்ணீர்?

கேள்வி: எங்கள் பெட்ரோல் காரை வாங்கி 9 ஆண்டுகள் ஆகின்றன. இரண்டு மாதங்களாக ரேடியேட்டருக்கான ரிசர்வ் டேங்கில் நீர் வாரத்துக்கு அரை லிட்டர் வரை குறைகிறது. குறையும்போதெல்லாம் வீட்டு ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றி வருகிறேன். டேங்கிலுள்ள நீர் இப்போது செம்மண் நிறமாகிவிட்டது. திம்பம் மலைப்பாதையில் ஏறும்போது வெப்பமானி முள் முக்கால் பங்கைத் தாண்டுகிறது. தெர்மோஸ்டாட்டைக் (ரேடியேட்டருக்கு நீர் போவதைக் கட்டுப்படுத்தும் அடைப்பிதழ்) கழற்றிவிட்டால் சரியாகிவிடும் என்கிறார் மெக்கானிக். வீட்டிலேயே நான் என்ன செய்யலாம்?
– ஈரோடு வாசகர்

பதில்: முதலில் ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரை ஊற்றுவதை நிறுத்துங்கள். வெந்நீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிற அதே உப்பு, ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களுக்குள்ளும் படிந்து, வெப்பம் வெளியேறும் வழியை அடைத்துவிடும். எஞ்சினின் சூட்டை ரேடியேட்டருக்குக் கொண்டுசெல்லும் திரவமான கூலன்ட் என்பது நிறமேற்றிய தண்ணீர் அன்று. அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் கொதிநிலையை உயர்த்துகிறது. அதனுடன் சேர்த்துள்ள வேதிப்பொருள்கள் இரும்பும் அலுமினியமும் அரிக்கப்படாமல் காக்கின்றன. வாரந்தோறும் வெறும் தண்ணீரைச் சேர்த்ததால் அந்தப் பாதுகாப்பு நீர்த்துப்போய்விட்டது. நீங்கள் காணும் செம்மண் நிறம் பெரும்பாலும் எஞ்சினின் இரும்புப் பகுதிகளிலிருந்து வரும் துருவாகவே இருக்கும்.

அடுத்து, குறைகிற நீர் எங்கே போகிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். இது நீர் வெளியேறாமல் உள்ளேயே சுழலும் மூடிய சுற்று. வாரம் அரை லிட்டர் குறைவது இயல்பே அன்று. இரவில் காருக்கு அடியில் பழைய அட்டையை விரித்து வைத்து, காலையில் பாருங்கள். ஏசி ஓடியதால் சொட்டும் நீர் தெளிவாக இருக்கும். கூலன்ட் கலந்த நீர் நிறத்துடன் சற்றுப் பிசுபிசுப்பாக இருக்கும். எஞ்சின் நன்றாக ஆறியபின் ஹோஸ்களை (ரப்பர் குழாய்களை) விரல்களால் அழுத்தி, வெடிப்போ உப்பலோ மிகையான மென்மையோ தெரிகிறதா என்று சோதியுங்கள். ஹோஸ்களை இறுக்கிப் பிடிக்கும் கிளாம்புகளைச் சுற்றியும் வாட்டர் பம்பின் அடியிலும் வெள்ளையாகவோ பச்சையாகவோ படிவு இருந்தால் அங்கேதான் கசிகிறது. முன் இருக்கையின் கால்மிதி ஈரமாகி இனிப்பு மணம் வீசினால் கூலன்டின் சூட்டில் இயங்கும் ஹீட்டர் ஒழுகுகிறது என்று பொருள். வெளியே எங்கும் கசிவு இல்லாமல், எஞ்சின் சூடேறிய பின்னும் புகைக்குழாயில் வெண்புகை வந்தாலோ, எஞ்சின் ஆயில் பால் கலந்த காபி போலத் தெரிந்தாலோ, எஞ்சினின் மேல்பகுதிக்கும் கீழ்ப்பகுதிக்கும் இடையிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் பழுதாகியிருக்கக்கூடும். அது வீட்டில் செய்யும் வேலை அன்று, காரை ஓட்டாமல் இழுவை வண்டியில் பட்டறைக்கு எடுத்துச் செல்லுங்கள்.

ரேடியேட்டர் மூடியைப் பலரும் பொருட்படுத்துவதில்லை. அது பிரஷர் குக்கரின் மூடியைப் போன்றது: பல கார்களில் ஏறத்தாழ 1 பார் (வளிமண்டல அழுத்தத்துக்கு இணையான) கூடுதல் அழுத்தத்தை உள்ளே நிறுத்திவைத்து, கூலன்ட் 120 டிகிரியிலும் கொதிக்காமல் பார்த்துக்கொள்கிறது. அதன் ரப்பர் வளையம் இறுகிப்போயிருந்தால் புதிய மூடி வாங்கிப் போடுங்கள், செலவு சிறியதுதான். சூடான எஞ்சினில் மட்டும் அந்த மூடியைத் திறக்கவே கூடாது. அழுத்தம் நீங்கிய கணத்தில் நீர் கொதித்துப் பீறிட்டு, முகத்தையும் கைகளையும் வேகவைத்துவிடும்.

கசிவைச் சரிசெய்தபின், எஞ்சின் ஆறியிருக்கும்போது பழைய நீரை ஒரு தட்டில் வடித்துவிட்டு, காய்ச்சி வடித்த நீரை (டிஸ்டில்டு வாட்டர்) நிரப்பி, ஹீட்டரைப் போட்டு, விசிறி சுழலத் தொடங்கும் வரை எஞ்சினை ஓட விடுங்கள். ஆறவைத்து மீண்டும் வடியுங்கள். வெளிவரும் நீர் தெளியும் வரை இதைத் திரும்பச் செய்ய வேண்டும். எவ்வளவு வடித்தாலும் எஞ்சினுக்குள் கொஞ்சம் நீர் தங்கிவிடும் என்பதால், கையேட்டில் உள்ள மொத்தக் கொள்ளளவில் பாதியை நீர் கலக்காத செறிவான கூலன்டாக முதலில் ஊற்றிவிட்டு, மீதியைக் காய்ச்சி வடித்த நீரால் நிரப்புங்கள். அப்போதுதான் கலவை சரிபாதியாக அமையும்.

தெர்மோஸ்டாட்டைக் கழற்ற வேண்டாம் என்று உறுதியாகச் சொல்வேன். பல கார்களில் 82 முதல் 88 டிகிரிக்குள் திறக்கும் அந்த அடைப்பிதழ் இல்லாவிட்டால், சமவெளியில் எஞ்சின் உரிய வெப்பத்தை எட்டாது. எஞ்சின் இன்னும் குளிர்ந்திருப்பதாகக் கருதி காரின் கணினி பெட்ரோலைக் கூடுதலாகச் செலுத்திக்கொண்டே இருக்கும். பழுதாகியிருந்தால் புதியதை மாற்றச் சொல்லுங்கள். மலையில் முள் ஏறினால் ஏசியை அணைத்து ஹீட்டரை முழுவதுமாகத் திறந்துவிடுங்கள். எஞ்சினின் வெப்பத்தில் ஒரு பகுதி காருக்குள் வந்துவிடும். ஆவி கிளம்பினாலோ முள் சிவப்பைத் தொட்டாலோ உடனே ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்திவிடுங்கள். கொதிக்கும் எஞ்சினில் குளிர்ந்த நீரை ஊற்றினால் உலோகம் விரிசல் விடக்கூடும்.

கேள்வி: பச்சைக் கூலன்ட் உள்ள காரில் இளஞ்சிவப்புக் கூலன்டைச் சேர்க்கலாமா?
– கும்பகோணம் வாசகி

பதில்: வேண்டாம். நிறம் நிறுவனத்துக்கு நிறுவனம் வேறுபடும். நிறத்தை வைத்து வகையை அறிய முடியாது. கையேடு சொல்லும் வகையையே வாங்குங்கள். அவசரத்துக்குக் காய்ச்சி வடித்த நீரைச் சிறிது சேர்த்துக்கொள்ளலாம்.

கேள்வி: வடித்த பழைய கூலன்டைச் செடிக்கோ சாக்கடைக்கோ ஊற்றலாமா?
– மதுரை வாசகர்

பதில்: இரண்டுக்குமே கூடாது. எத்திலீன் கிளைக்கால் இனிப்புச் சுவையுடைய நஞ்சு. அந்தச் சுவைக்காக நாய் நக்கும், சிறு குழந்தையும் வாயில் வைத்துவிடும். சிறிதளவு உள்ளே போனாலும் சிறுநீரகம் செயலிழந்து உயிர் போகலாம். தரையில் சிந்தியதை உடனே மணல் போட்டு அள்ளிவிட்டு, நிறையத் தண்ணீர் விட்டுக் கழுவுங்கள். பழைய கூலன்டை மூடியுள்ள கேனில் ஊற்றி, பெயர் எழுதி ஒட்டி, பழைய ஆயிலைச் சேகரிக்கும் பட்டறையில் கொடுத்துவிடுங்கள். குடிநீர் பாட்டிலில் மட்டும் ஒருபோதும் ஊற்றி வைக்காதீர்கள்.